எட்டுக் கட்டுச் சீட்டு

மழைக்காலம் தொடங்குவதற்கு முந்தைய சனிக்கிழமை எங்கள் வீடு தன் வயிற்றில் இருந்ததையெல்லாம் கொல்லைப்புறத்தில் கொட்டிவிடும். அலமாரியில் இருந்தது, பரணில் இருந்தது, கட்டிலுக்கு அடியில் தள்ளியது, யார் கண்ணிலும் படவேண்டாமென்று ஒளித்துவைத்தது, எல்லாம் வெளியே வந்து தார்ப்பாயின் மேல் வெயிலில் உட்கார்ந்திருக்கும். ஒரு வீட்டுக்குள் இத்தனை சாமான் எப்படி நுழைந்தது என்று அப்பா வருடம் தவறாமல் வியப்பார். "அதுவா நடந்து வந்துச்சு? நீங்கதான் தூக்கிட்டு வந்தீங்க" என்று அம்மாவும் வருடம் தவறாமல் சொல்வார்.

அந்த வீடு இப்போது எங்களுடையது அல்ல. ஆனால் பழைய காகிதத்தின் மணமும், வெயிலில் காயும் மெத்தையின் மணமும், மழை வரப்போகும் காற்றும் ஒன்றாக மூக்கில் ஏறினால் போதும், நான் அந்தக் கொல்லையில் நின்றுகொண்டிருப்பேன். எதிரே அத்தை நிற்பார். காதில் பென்சில், இடது கட்டைவிரலில் ரப்பர் உறை, இடுப்பில் கட்டுக்கட்டாகச் சீட்டுகள் தொங்கும்.

அத்தை என் அப்பாவுக்கு அக்கா. தபால் பிரிக்கும் நிலையத்தில் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்தவர். சுவரை அடைத்து நின்ற மரச்சட்டத்தில் நாற்பத்தெட்டுக் குழிகள். ஒவ்வொரு குழியும் ஓர் ஊர். அதற்கு எதிரே நின்றபடியே அவர் இளமையும் நடுவயதும் போயின. கடிதத்தைப் பார்க்கும் முன்பே கை அதன் குழிக்குப் போய்விடும் என்று அவருடன் வேலை செய்தவர்கள் சொல்வார்கள். யாராலும் படிக்க முடியாத முகவரி வந்தால் அதை அத்தையிடம்தான் நீட்டுவார்கள். எப்படிப் படிக்கிறீர்கள் என்று ஒருமுறை மேலதிகாரி கேட்டாராம். "எங்க வீட்டு ஆம்பளைங்க மூஞ்சியையே படிச்சிட்டேன். கையெழுத்து என்ன பெரிய விஷயமா?" என்றாராம் அத்தை.

தாத்தா சீக்கிரமே போய்விட்டார். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த இரண்டு தம்பிகளையும் படிக்கவைத்து ஆளாக்கியது அத்தைதான். தம்பிகள் வேலைக்குப் போனார்கள், கல்யாணம் செய்துகொண்டார்கள், பிள்ளைகள் பெற்றார்கள். அத்தை செய்துகொள்ளவில்லை. "அவளுக்குக் கல்யாணத்துல இஷ்டமில்ல" என்று வீட்டில் சொல்வார்கள். இஷ்டமா என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை என்பதுதான் நான் பின்னால் விசாரித்துத் தெரிந்துகொண்டது.

சித்தப்பாவின் கல்யாணத்தின்போது அத்தை தன் அறையைப் புதுத் தம்பதிக்கு விட்டுவிட்டுப் பின்கட்டுச் சிறிய அறைக்குப் போனார். தற்காலிகமாகத்தான். அந்தத் தற்காலிகம் பதினாறு வருடம் நீடித்தது. அந்த இடம் சாமான் அறையாகக் கட்டப்பட்டது. ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு புத்தக அலமாரி போட்டால் மிச்சம் நடக்க மட்டும் இடம் இருக்கும். அந்த மிச்சத்தையும் நாங்கள் விடவில்லை. கட்டிலுக்கு அடியில் அம்மாவின் பெரிய பாத்திரங்கள், அலமாரிக்கு மேலே சித்தப்பாவின் பயணப் பெட்டிகள், மூலையில் சுருட்டிவைத்த விருந்தாளி மெத்தைகள். இரவு வேலை முடித்து வந்து அத்தை பகலில் தூங்கிக்கொண்டிருப்பார். யாராவது உள்ளே போய் எதையாவது வைத்துவிட்டு எதையாவது எடுத்துவருவோம். கதவைத் தட்ட வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. தூக்கத்திலேயே "இடப்பக்கம், ரெண்டாவது பெட்டி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுப்பார்.

வீட்டை ஒழுங்குசெய்ய அவர் தன் தொழிலையே வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். நிலையத்தில் ஒவ்வொரு கட்டுக் கடிதத்தின் மேலும் அது போக வேண்டிய ஊரின் சீட்டைக் கட்டுவார்கள். வீட்டில் ஊருக்குப் பதில் ஆள். முதல் நாள் மாலையே தடித்த காகிதத்தைக் கத்தரித்து, ஓட்டை போட்டு, நூல் கோத்து, ஆளுக்கு ஒரு கட்டாகச் சீட்டு எழுதிவைப்பார். கொல்லையில் ஒவ்வொரு பொருளாகத் தூக்கிக் காட்டி ஒரே கேள்விதான் கேட்பார்: "யாருக்கு?" இது யாருடையது என்று கேட்க மாட்டார். வாங்கினவர் யார் என்ற பேச்செல்லாம் அவரிடம் செல்லாது. இனிமேல் இதைப் பயன்படுத்தப்போவது யார் என்பதுதான் அவருக்கு வேண்டும். கை தூக்கியவர் பெயர்ச்சீட்டு அதில் ஏறும். சாயங்காலத்துக்குள் அவரவர் பொருள் அவரவர் அறைக்குப் போய்ச் சேர வேண்டும். யாரும் கை தூக்காதது மாடிப்படிக்குக் கீழே இருக்கும் தகரப் பெட்டிக்குப் போகும். பெட்டியின் மேல் வருடத்தை எழுதி ஒட்டிவிடுவார். அடுத்த மழைக்காலம் வரை யாரும் அதைத் தேடவில்லை என்றால் அது பழைய சாமான்காரருக்கு.

இதில் வேடிக்கைக்குக் குறைவிருக்காது. சித்தப்பாவிடம் ஒரு மேசை விசிறி இருந்தது. சுற்றாது. பழுது பார்த்துவிடுவேன் என்று சொல்லி ஒவ்வொரு வருடமும் கை தூக்குவார். ஒன்பதாவது வருடம் அத்தை சீட்டைக் கட்டிக்கொண்டே, "இதுக்கு இனிமே வருஷாவருஷம் சீட்டு வேண்டாம், தகட்டுலயே உன் பேரை அடிச்சிரலாம்" என்றார். சித்தப்பாவின் இரட்டைப் பெண்கள் ஒரே பொம்மைக்கு ஒரே நேரத்தில் கை தூக்குவார்கள். அத்தை இருவர் சீட்டையும் அதன் இரண்டு காலிலும் கட்டிவிடுவார். அப்பா தன் கல்லூரிக் காலத்துச் சட்டை ஒன்றை விடமாட்டார். உள்ளே நுழைய முடியாதே என்று அம்மா கேட்டால், நான் நுழையவில்லை, அது என்னை விட்டுப் போகாமல் இருந்தால் போதும் என்பார். இப்படிச் சிரித்துச் சிரித்தே மத்தியானம் ஆகிவிடும். இன்று எந்தக் கடையிலும் கிடைக்காத சிரிப்பு அது.

ஒன்றை மட்டும் நாங்கள் யாரும் கவனித்ததில்லை. அப்பா, அம்மா, நான், என் தம்பி, சித்தப்பா, சித்தி, இரட்டையர் இருவர். மொத்தம் எட்டுக் கட்டுச் சீட்டு. வீட்டில் இருந்தவர்கள் ஒன்பது பேர். அத்தை தன் அறையை முந்தைய வாரமே தனியாகச் சுத்தம்செய்துவிடுவார். அவருடைய சாமான் எதுவும் கொல்லைக்கு வந்ததில்லை. அதனால் அவருக்குச் சீட்டும் தேவைப்பட்டதில்லை.

அத்தை ஓய்வு பெற்ற வருடம் அது. எனக்குப் பத்தொன்பது வயது. ஓய்வுக் காகிதங்களில் கையெழுத்துப் போட அவர் நிலையத்துக்குப் போயிருந்த ஒரு காலையில், சாப்பாட்டு மேசையில் ஒரு பேச்சு நடந்தது. சித்தப்பாவுக்கு அப்போதுதான் பதவி உயர்வு வந்திருந்தது. பெரிய மனிதர்கள் வீட்டுக்கு வந்தால் தங்குவதற்கு ஓர் அறை இல்லையே என்றார். பின்கட்டு அறைக்குச் சுண்ணாம்பு அடித்து, நல்ல கட்டில் ஒன்று போட்டால் விருந்தாளி அறை ஆகிவிடும். அக்காவுக்கு இனி இரவு வேலை கிடையாது, பகலில் தூங்கத் தேவையில்லை, கூடத்தில் மாடிப்படி ஓரமாகக் கட்டிலைப் போட்டுக்கொள்ளட்டும், அங்கே காற்று நன்றாக வரும். அப்பா கொஞ்சம் தயங்கினார். பிறகு, அக்கா ஒன்றும் சொல்லமாட்டாள் என்றார். சாமான்களைச் சுத்தம்செய்யும் நாளிலேயே சேர்த்து முடித்துவிடலாம் என்று தீர்மானமானது.

வருடத்தில் நாலு நாள் வந்துபோகிறவர்களுக்கு அறை, வருடம் முழுக்க இருக்கிறவருக்குக் கூடம். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த யாரும் கெட்டவர்கள் இல்லை. அநியாயம் எப்போதும் மீசையை முறுக்கிக்கொண்டு வருவதில்லை. பல வீடுகளில் அது ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டேதான் பேசுகிறது. அன்று நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அத்தையின் புத்தக அலமாரி எனக்கு என்று சித்தி சொல்லியிருந்தார். கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி. எனக்கு அதன் மேல் பல வருடமாக ஒரு கண்.

சனிக்கிழமை காலை அத்தை கூடத்துப் பரணில் ஏணி போட்டு ஏறினார். தம்பி கீழே நின்று வாங்கிக்கொண்டான். பத்து மணி வரை அந்த வேலை. அதற்குள் அப்பாவும் சித்தப்பாவும் பின்வாசல் வழியாக அவருடைய அறையைக் காலிசெய்துவிட்டார்கள். அத்தை தூசியைத் தட்டிக்கொண்டு கொல்லைக்கு வந்தபோது தார்ப்பாயின் கடைசியில் அவருடைய கட்டில் நின்றது. பக்கத்தில் மேசை, அலமாரி. ஒரு போர்வையின் மேல் ரேடியோ, மூக்குக்கண்ணாடி, செருப்பு, தைலக் குப்பி, நாடா கட்டிய கடிதக் கட்டு. ஊர்க் கடிதத்தையெல்லாம் பிரித்தவருக்கு வந்த கடிதம் மொத்தம் இருபதுகூட இருக்காது.

அவர் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு வழக்கம்போல முதல் வரிசையிலிருந்து தொடங்கினார். விசிறிக்குச் சித்தப்பா கை தூக்கினார். இரட்டையர் சண்டை போட்டார்கள். கேள்வி மெல்ல மெல்ல நகர்ந்து அவருடைய மேசைக்கு வந்தது. மேசையின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். சித்தப்பா சிரித்த முகத்தோடு எல்லாவற்றையும் விளக்கினார். சுண்ணாம்பு, நல்ல கட்டில், காற்று.

"யாரு வர்றாங்க?" என்று கேட்டார் அத்தை.

"இப்போதைக்கு யாரும் இல்லக்கா. வந்தா இருக்கட்டுமேன்னுதான்."

"சரி" என்றார் அத்தை. காதிலிருந்து பென்சிலை எடுத்தார். "மேசை யாருக்கு?"

மேசை இரட்டையருக்கு என்றார் சித்தி. அத்தை சீட்டைக் கட்டினார். அலமாரிக்கு வந்தார். நான் கையைத் தூக்கினேன். முழுதாக அல்ல, தோள் வரைக்கும்தான்.

"உனக்கா?"

"ஆமா அத்தை."

என் பெயர்ச்சீட்டை அலமாரியின் பிடியில் கட்டினார். லேசில் அவிழாத முடிச்சு அது, தபால்காரர்கள் போடுவது. பிறகு கை கழுவப் போவதுபோல உள்ளே போனார். காலியான அறையின் வாசலில் அவர் நிற்பதைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்ததாக அம்மா பிற்பாடு சொன்னார். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.

அந்த நேரத்தில் காற்று திரும்பியது. மேற்கே வானம் கறுத்தது. தார்ப்பாயின் ஓரங்கள் படபடத்தன. எல்லாரும் கத்திக்கொண்டு ஓட ஆரம்பித்தோம். சீட்டு இருந்ததெல்லாம் அந்தந்த அறைக்குப் பறந்தது. கட்டிலை அப்பாவும் சித்தப்பாவும் கூடத்துக்குத் தூக்கினார்கள். சீட்டு இல்லாததைத் தகரப் பெட்டியில் போடுவது என் வேலை. போட்டேன். ஓட்டைக் குடை, ஜோடி இல்லாத கையுறை, காது போன கோப்பை. கூடவே ரேடியோவும் போனது. செருப்பு, தைலம், கடிதக் கட்டு, எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி. கை தன்பாட்டுக்குப் போட்டது. முதல் துளி விழும்போது மூடியைச் சாத்தியிருந்தேன்.

நாலு மணிக்கு மழை ஓய்ந்தது. கூடத்தில் எல்லாரும் தேநீர்க் கோப்பையோடு களைத்து உட்கார்ந்திருந்தோம். பெட்டியின் மேல் வருடத்தை எழுதி ஒட்ட அத்தை காகிதமும் பசையும் எடுத்துவந்தார். எழுதக் கண்ணாடியைத் தேடினார். தலைமேல் தடவினார், கட்டிலின் மேல் பார்த்தார். கிடைக்கவில்லை. சரி, அது கிடைப்பதற்குள் உள்ளே என்னென்ன என்று பார்த்துவிடலாம் என்று பெட்டியின் மூடியைத் திறந்தார்.

கண்ணாடியை எடுத்துக் கண்ணில் மாட்டினார். ரேடியோவை எடுத்துத் தரையில் வைத்தார். செருப்பை வைத்தார், ஜோடியாக. தைலக் குப்பியை வைத்தார். கடிதக் கட்டை மட்டும் கீழே வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டார். கூடத்தில் ஒருவரும் தேநீரை உறிஞ்சவில்லை.

"இதெல்லாம் யாரு இதுல போட்டது?"

"நான்தான் அத்தை" என்றேன். "சீட்டு இல்ல. அதனால…"

அத்தை சிரிக்க ஆரம்பித்தார். முதலில் மெதுவாக, பிறகு தோள் குலுங்க. அழுகிறாரோ என்று பயந்து சித்தி எழுந்துவிட்டார். அழவில்லை.

"உன்மேல தப்பில்லடி. நீ சரியாத்தான் பிரிச்சிருக்கே" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "முப்பத்தெட்டு வருஷத்துல ஒரு கடிதத்தைத் தொலைச்சேன்னு யாரும் சொன்னது கிடையாது. வீட்டுல ஒரு ஆளையே தொலைச்சிருக்கேன். அந்தக் கத்தரிக்கோலை எடு."

எடுத்துக்கொடுத்தேன். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து காகிதத்தைக் கத்தரித்தார். அவசரமே இல்லை. ஓட்டை போட்டார், நூல் கோத்தார், ஒவ்வொன்றிலும் எழுதினார். என்ன எழுதினார் என்று எட்டிப் பார்த்தேன். அத்தை என்று எழுதவில்லை, அக்கா என்றும் எழுதவில்லை. அவருடைய பெயர். அவருடைய ஓய்வுக் காகிதங்களில் தவிர வேறெங்கும் நான் பார்த்திராத பெயர். எங்கள் வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிட ஆளே இல்லாமல் போய் எவ்வளவோ காலம் ஆகியிருந்தது.

ரேடியோவுக்கு ஒன்று, செருப்புக்கு ஒன்று. பிறகு எழுந்து என் அறைக்கு வந்தார். நானும் பின்னாலேயே போனேன். அலமாரியில் தான் போட்ட முடிச்சைத் தன் நகத்தாலேயே அவிழ்த்தார். "மன்னிச்சுக்கோ, முகவரி தப்பாப் போட்டுட்டேன்" என்றார். எனக்குத் தரை பிளந்தால் நன்றாக இருக்கும் போலிருந்தது. மேசையிலும் சீட்டு மாறியது. கடைசியாகக் கூடத்தைக் கடந்து போய் அந்தக் காலி அறையின் தாழ்ப்பாளில் ஒரு சீட்டைக் கட்டினார்.

சித்தப்பா எழுந்தார். "அக்கா, இதெல்லாம் உட்கார்ந்து பேசி முடிவு பண்ணினது."

"யாரு யாரு பேசினீங்க?"

"வீட்டுல எல்லாரும்தான்."

"எத்தனை பேர்?"

"எட்டுப் பேர்" என்றாள் இரட்டையரில் ஒருத்தி. கணக்கில் கெட்டிக்காரி.

"ஒம்பதாவது ஆள் இப்பத்தான் வந்து சேர்ந்திருக்கேன்" என்றார் அத்தை. "மறுபடியும் பேசலாம். உட்காருங்க."

"சரிக்கா, விருந்தாளி வந்தா எங்கே படுப்பாங்க? அதைச் சொல்லு."

"கூடத்துல. மாடிப்படி ஓரமா. காத்து நல்லா வருமாமே, நீதானே சொன்னே."

முதலில் சிரித்தது சித்திதான். வாயைப் பொத்திக்கொண்டும் அடக்க முடியவில்லை. சித்தப்பா அவரை முறைத்தார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார், ஏதாவது சொல்லுங்கள் என்பதுபோல. அப்பா தேநீர்க் கோப்பையின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. கோப்பையைக் கீழே வைத்தார். கட்டிலின் தலைமாட்டுப் பக்கம் போய் நின்றார்.

"டேய், அந்தப் பக்கம் பிடி" என்றார்.

சித்தப்பா கொஞ்ச நேரம் பிடிக்கவில்லை. பிறகு பிடித்தார். பதவி உயர்வு பெற்ற மனிதர் ஒருவர் கட்டிலோடு பின்பக்கமாக நடந்துபோவதைப் பார்க்க எனக்குப் பாவமாகவும் இருந்தது, நன்றாகவும் இருந்தது. மேசையை நானும் தம்பியும் தூக்கினோம். அலமாரியை நான் ஒருத்தியே தூக்குகிறேன் என்று நின்று, முடியாமல், அம்மாவைக் கூப்பிட்டேன்.

அம்மா பழக்கத்தில் பெரிய பாத்திரங்களையும் கையோடு கொண்டுவந்துவிட்டார். அத்தை வாசலிலேயே மறித்தார். "இதுல உன் பேரு எழுதியிருக்கும்மா" என்றார் மெதுவாக. அம்மா குனிந்து சீட்டைப் பார்த்தார், பாத்திரத்தைத் திருப்பித் தூக்கிக்கொண்டு போனார். பயணப் பெட்டிகளும் அப்படியே திரும்பின. அன்றுதான் அந்த அறையைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். ஜன்னலுக்குக் கீழே தரையில் வெளிர்நீலக் கல் பதித்திருந்தது. பதினாறு வருடம் அதன் மேல் மெத்தைகள் இருந்திருக்கின்றன.

இருட்டத் தொடங்கியபோது அத்தை எண்ணெய்ப் புட்டி கேட்டார். கதவின் உள்தாழ்ப்பாள் துருவேறி, மேலே பூசிய வண்ணத்தோடு ஒட்டிக்கிடந்தது. ஒருநாளும் போட்டதில்லையே. எண்ணெய் விட்டு, முன்னும் பின்னும் அசைத்து, அசைத்து இளக்கினார். பிறகு கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் போய் விழுந்த ஓசை கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது.

சித்தி வெயிலில் காய்ந்த விருந்தாளி மெத்தை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு கால் பழகிய பழக்கத்தில் அந்தப் பக்கம் நடந்துபோனார். கதவைத் தோளால் தள்ளினார். அது திறக்கவில்லை. அப்படியே ஒரு நிமிடம் நின்றார். மெத்தையைக் கீழே இறக்கினார். எங்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கையை உயர்த்தி, விரலை மடக்கி, இரண்டு தட்டுத் தட்டினார்.

"யாரு?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"நான்தான் அண்ணி."

"கொஞ்சம் இரும்மா" என்றார் அத்தை. "படிச்சிட்டிருக்கேன்."

சித்தி சுவரில் சாய்ந்துகொண்டு காத்திருந்தார்.